அந்தக் கறுப்பில் என்ன தெரிகிறது

நீடாமங்கலம்
8 பிப்ரவரி 2025

வசிஷ்ட் அவர்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பாகீரதியின் ஓவியத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. எட்டடிக்கு ஆறடி. தனியாளாகத் திருப்பியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது.

காரணம் உங்கள் பெரியப்பா கல்யாணம் மாமா. நேற்று மன்னார்குடிக்கு ஒரு முகூர்த்தத்துக்கு வந்தவர் இங்கேயும் எட்டிப் பார்த்தார். காபி டம்ளரோடு ஓவியத்தின் எதிரில் போய் நின்று, "இதுதானே அந்தப் பொண்ணு எழுதி வெச்சுட்டுப் போன லெட்டர்?" என்று கேட்டார். கூடத்தில் மது வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, அம்மா வேணும்னேதான் ஆத்துல போய் விழுந்தாளா?"

பதின்மூன்று வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது? என் தங்கை படித்துறையில் வழுக்கி விழுந்து வெண்ணாற்றில் போனாள். போலீஸும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் தானே போய் விழுந்தாள், அந்தக் கறுப்பு ஓவியமே அதற்குச் சாட்சி என்று காரியம் நடந்த வீட்டில் பத்துப் பேர் காது கேட்கச் சொன்னது நீங்கள். அது இப்போது உங்கள் மகள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டையாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இரண்டு. ஓவியத்தைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், பள்ளி முடிந்ததும் மதுவை அனுப்ப வேண்டும். அப்பா கூப்பிட்டால் பெண் போவதுதான் முறை, தெரியும். அவளும் உங்களிடம் வர ஆசைப்படுகிறாள். ஆனால் "உன் அம்மா உன்னை வேண்டாமென்று விட்டுப் போனாள்" என்று தினமும் சொல்லிக் கொடுக்கிற வீட்டுக்கு அவளை எப்படி அனுப்புவது? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஷைலஜா


சென்னை
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியப்பா வாய்க்குப் பூட்டு கிடையாது. அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். மது எதிரில் பேசியது தப்பு.

ஆனால் விஷயம் தப்பில்லை. நான் கட்டட என்ஜினியர். சுவரில் விரிசல் விழுந்தால் அது காரணமில்லாமல் விழாது, அஸ்திவாரத்தில் எங்கேயோ மண் இறங்கியிருக்கும். ஒரு பெண் நாலு மாதம் பழைய ரைஸ் மில்லில் போய் உட்கார்ந்து, இத்தனை பெரிய துணியை வெறும் கறுப்பால் நிரப்புகிறாள் என்றால் அவளுக்குள் என்ன நடந்திருக்கும்? நீங்கள் காலேஜில் ஹிஸ்டரி எடுப்பவர், உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

தீபாவளிக்கு லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவனோடு இரண்டு வார்த்தை பேசவில்லை அவள். எப்போது பார்த்தாலும் மில். நான்தான் கோபித்துக்கொண்டு வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்குக் கிளம்பினேன். வாசல் வரைக்கும்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது உங்கள் போன். நான் வந்து சேரும்போது ஜி.ஹெச்.சில் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள், முகத்தை மட்டும் காட்டினார்கள். அந்த ஓவியத்தை நான் பார்த்ததே பதின்மூன்றாம் நாள்தான். பார்த்ததும் புரிந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேனே, ஞாபகம் இருக்கிறதா?

மது என் பெண். வேளச்சேரியில் ஸ்கூல் பேசி வைத்திருக்கிறேன். ஓவியமும் என் மனைவியுடையது. இரண்டையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமையே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வசிஷ்ட்


நீடாமங்கலம்
3 மார்ச் 2025

வசிஷ்ட்,

உங்கள் கடிதம் கோபமாக இல்லை, வருத்தமாக இருந்தது. அதனால் நானும் கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

நீங்கள் மில்லுக்கு வந்து அவள் வேலை செய்ததைப் பார்த்ததே இல்லை. நான் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருப்பேன். நெல் காய வைக்கிற சிமெண்டுக் களத்தில் துணியை விரித்து, நாலு மூலையிலும் எடைக்கல்லை வைப்பாள். ஆற்று வண்டலைச் சலித்துக் கறுப்புப் பெயிண்டில் கரைப்பாள். பிரஷ் கிடையாது. நெல் தள்ளுகிற பலகையால்தான் இழுப்பாள், அதுவும் இடது கையால். மில் சொந்தக்காரர் இராஜாங்கம் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, பீச்சாங்கையால இழுத்தா மில்லுக்கு லட்சுமி எப்படிம்மா வருவா?" என்றார். இவள் நிமிராமலே, "வலது பக்கமா வந்துட்டுப் போகட்டும் சார், நான் வழிய மறிக்கல" என்றாள். களத்தில் வேலை செய்கிற தங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் பெயிண்டைக் கரைத்துக் கொடுத்தது அவள்தான். "கரி பூசி முடிச்சாச்சா கண்ணு, இன்னும் மிச்சம் இருக்கா?" என்று அவள் கேட்டால், "உன் மூஞ்சியக் கொண்டா, மிச்சத்த அங்க பூசுறேன்" என்பாள் இவள்.

சாகப் போகிறவள் பேச்சா இது?

இன்னொன்று. அவளுடைய கறுப்பு துக்கமில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் குழந்தை தங்காமல் போனபோது என் வீட்டில் வந்து இருந்தாளே, அந்த ஆடி மாதம் முழுக்க அவள் வரைந்தது மஞ்சள். எலுமிச்சை மஞ்சள், பார்த்தால் கண் கூசும். இன்று வரை என்னால் அந்தப் படத்தின் முன்னால் நிற்க முடியாது. கறுப்பை எடுத்தாளென்றால் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். நிறத்துக்கு ஓர் அகராதி வைத்துக்கொண்டு அவளைப் படிக்க முடியாது.

நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன், இதில் என்னதான் இருக்கிறது என்று. "என்ன இருக்குன்னு கேக்காதே அக்கா. நின்னு பாரு. கொஞ்ச நேரத்துல உனக்குள்ளேர்ந்து ஏதாவது வந்து அதுல நிக்கும். அது உன்னோடது. எனக்குச் சொல்லக்கூட வேண்டாம்" என்றாள். எனக்கு அதில் நடவுக்கு முன்னால் சேறடித்துவிட்ட வயல் தெரிகிறது, மேலே மழை இறங்கப் போகிறது. மதுவுக்கு மில் கூரையும் அதில் உட்கார்ந்த புறாக்களும் தெரிகிறதாம்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் போனில் அந்தப் படம் இருக்கிறது. அவசரப்படாமல் பாருங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். என்ன தெரிகிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். உண்மையாக எழுதினால் ஓவியத்தைத் தருகிறேன். மதுவைப் பற்றியும் நல்ல மனதோடு பேசுவோம்.

ஷைலஜா


சென்னை
21 மார்ச் 2025

அக்கா,

முதலில் சிரிப்புதான் வந்தது. எனக்கு ஹோம்வொர்க் கொடுத்திருக்கிறீர்கள்.

போன் திரை போதவில்லை. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் கொடுத்து, சுவர் அளவுக்குப் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். கடைப் பையன்கூட, "சார், ஃபைல் கரப்ட் ஆயிருக்கு, அடிக்கட்டுமா?" என்று கேட்டான். ஒரு வாரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகை இழுத்த கோடுகள், மண், கறுப்பு, அவ்வளவுதான். சைட்டில் மழை பெய்தபின் இருக்கிற தரை மாதிரி.

அப்புறம் அது தண்ணீர் ஆகிவிட்டது. எப்போது ஆயிற்று என்று தெரியவில்லை. இப்போது தண்ணீரைத் தவிர வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. வெள்ளத் தண்ணீர், விடிகிற நேரத்து நிறம், முழுக்கக் கறுப்பும் இல்லை. இடமிருந்து வலமாக ஓடுகிறது. சத்தம்கூடக் கேட்கிறது, நம்ப மாட்டீர்கள்.

கீழே ஓரத்தில் வெளிறிய மாதிரி ஒரு திட்டு இருக்கிறதல்லவா? அதைப் பார்க்காமல்தான் இருந்தேன். அது கை. வலது கை. தண்ணீருக்கு மேலே மணிக்கட்டு வரைக்கும் தெரிகிறது. கோரைப் புல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கொத்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, வேரில் மண் ஒட்டியிருக்கிறது. வேரோடு வந்த பிறகும் விடவில்லை. பிடித்தால் பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் விடவில்லை? எனக்கு அதுதான் புரியவில்லை அக்கா. ஆபீஸில் பிளான் விரித்தாலும் அந்தக் கைதான். மூடிய விரல்கள்.

அவள் இதை முன்கூட்டியே வரைந்துவிட்டாள். தனக்கு என்ன ஆகப்போகிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்போதே சொன்னேன்.

உண்மையாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். இதைவிட உண்மையாக என்னால் எழுத முடியாது. இனி ஓவியத்தை அனுப்புங்கள்.

வசிஷ்ட்


நீடாமங்கலம்
2 ஏப்ரல் 2025

வசிஷ்ட்,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்தது, கல்லூரிக்கும் போகவில்லை. இப்போது தேவலை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஓவியத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு வெளிறிய திட்டு இருக்கிறது, ஆமாம். எனக்கு அது பெயிண்ட் போதாமல் போன இடமாகத்தான் தெரிகிறது. எவ்வளவு நேரம் நின்றாலும் கை வரவில்லை. என் கண் சரியில்லையோ என்னவோ.

அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அது வலது கை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பாகீரதி எதையும் இடது கையால்தானே பிடிப்பாள். ஒருவேளை கட்டை விரல் இருக்கும் பக்கத்தை வைத்துச் சொல்கிறீர்களா? முடிந்தால் இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். நானும் பார்க்க முயல்கிறேன்.

மதுவுக்குப் பரீட்சை நடக்கிறது. கணக்கு மட்டும்தான் பயம் என்கிறாள்.

ஷைலஜா


சென்னை
11 ஏப்ரல் 2025

அக்கா,

அந்தக் கடிதத்தைத் தூக்கமில்லாமல் இருந்த நேரத்தில் எழுதினேன். ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன எழுதினேன் என்றுகூட முழுசாக ஞாபகம் இல்லை. வலது கையா இடது கையா என்று கேட்கிறீர்களே, படத்தில் கையே இல்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள், பெயிண்ட் போதாமல் போன இடம் என்று. அதுதான் சரி. பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் கடிதத்தையும் நீங்கள் கிழித்துப் போட்டுவிடுங்கள். வைத்திருக்க வேண்டாம். வேறு யாராவது படித்தார்களா? தங்கம்மாளிடம் எதுவும் படித்துக் காட்டினீர்களா? அவள் இன்னும் அங்கே வந்துபோய்க்கொண்டிருக்கிறாள் என்று பெரியப்பா சொன்னார்.

மதுவுக்குப் புறா தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். புறா மட்டும்தானா? அம்மா இறந்த அந்த வாரம் யார் யாரைப் பார்த்தோம், எங்கே இருந்தோம் என்று குழந்தைகள் பிற்பாடு ஏதேதோ சேர்த்துச் சொல்வார்கள். அதையெல்லாம் கிளற வேண்டாம். இங்கே வந்துவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு இருந்தால் அவளுக்கு எல்லாம் மறந்துவிடும்.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறேன். டி.சி. வாங்கி வையுங்கள். ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வையுங்கள், அதையும் எடுத்துக்கொள்கிறேன். சாப்பாடெல்லாம் வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும்.

வசிஷ்ட்


நீடாமங்கலம்
18 ஏப்ரல் 2025

வசிஷ்ட்,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். யாரிடமும் எதுவும் பேசவில்லை. தங்கம்மாள் தயிர் கொடுக்க வருவதோடு சரி. மதுவுக்குப் புறா மட்டும்தான் தெரிகிறது. அதையும் இப்போது மறந்துவிட்டாள்.

27ஆம் தேதி வாருங்கள். அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

வெயிலில் வண்டி ஓட்டி வருகிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷைலஜா


நீடாமங்கலம்
24 ஏப்ரல் 2025

வசிஷ்ட்,

இதை நான் தபாலில் சேர்க்கப் போவதில்லை. மூன்று மாதமாக உங்களுக்கு எழுதியே யோசித்துப் பழகிவிட்டேன். உங்களுக்கு எழுதினால்தான் எனக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிகிறது.

போன கடிதத்தில் இருந்தது அத்தனையும் பொய். உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

அன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். வெண்ணாற்று மதகு ஷட்டர் பக்கத்தில் ஒதுங்கியிருக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். இரண்டு பேர் தூக்கிக் கரையில் போட்டிருந்தார்கள். புடவை ஆற்றோடு போய்விட்டது. தங்கம்மாள் கூட்டத்தைப் பார்த்து, "ஆம்பளைங்க அத்தனை பேரும் பாலத்துக்கு அந்தாண்ட போங்கடா, பொட்டச்சி கெடக்கிறா!" என்று கத்தினாள். நாலு பெண்கள் நாலு பக்கமும் புடவையைப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நம் பக்கத்தில் அப்படித்தான், மறைப்புப் பிடிப்பவர்கள்கூட உள்ளே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே நானும் தங்கம்மாளும் மட்டும் இருந்தோம். என் துப்பட்டாவைச் சுற்றினோம். கையை மடக்கி வயிற்றின் மேல் வைக்கலாமென்று எடுத்தபோது வலது கை மூடியிருந்தது. பிரிக்க முடியவில்லை. தங்கம்மாள் சூடு வரத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். உள்ளே ஒரு கொத்துக் கோரை இருந்தது. வேரோடு. மண்ணோடு. "இத யாரும் பாக்க வேணாம் பாப்பா, கடைசி வரைக்கும் பொழைக்கப் பாத்திருக்கான்னு தெரிஞ்சா மனசு ஆறாது" என்று அதை ஆற்றில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் போலீஸ் வந்தது.

நானும் அவளும் தவிர அந்தக் கையைப் பார்த்தவர்கள் கிடையாது. ஓவியம் புதன்கிழமையே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நடந்தது அதில் இருக்க வழியே இல்லை.

என் மாணவிகளிடம் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. ஒரே ஒரு சான்றை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டாதீர்கள். இப்போது அதையே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆற்றில் போகிறவர்கள் கோரையைப் பிடிப்பது சகஜம். மனைவியைப் பறிகொடுத்தவன், தூக்கம் இல்லாதவன், கரிய தண்ணீரைப் பார்த்தால் அதில் ஒரு கையைக் கற்பனை செய்யலாம். உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம்தான் உங்கள் கடிதத்தில் வந்து நிற்கிறதோ என்றும் யோசித்தேன். இந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக்கூட இருந்தேன்.

ஆனால் கற்பனை செய்கிறவன் இடது கையைத்தான் கற்பனை செய்திருப்பான். பதினாறு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அவள் இடது கைக்காரி என்று தெரியாதா? வழுக்கி விழுந்தவளுக்கு, தானே விழுந்தவளுக்குக்கூட, முதலில் நீளுவது எந்தக் கை? இன்ஸ்பெக்டர் அன்று சொன்னார், "இடது மணிக்கட்டுல சிராய்ப்பு இருக்கும்மா, படிக்கல்லு இழுத்திருக்கும்." நான் தலையாட்டினேன். இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தபின் அந்த இடது கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலது கை கோரையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இடது கையை யார் பிடித்திருந்தார்கள்? மேலே இழுக்கவா? கீழே அமுக்கவா? நீங்கள் வியாழக்கிழமை ரயிலில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட.

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. தூக்கிவிட முயன்று முடியாமல் போய், பயந்து ஓடியிருந்தால்கூட என்னால் உங்களோடு சேர்ந்து அழ முடியும். ஆனால் அப்படிப்பட்டவர் காரியம் நடந்த வீட்டில் எழுந்து நின்று, அவள் தானே போனாள் என்று சொல்ல மாட்டார். மதுவுக்கு வேறு என்ன தெரிகிறது என்றும் கேட்க மாட்டார்.

அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

என்ன செய்யப் போகிறேன் என்று இன்று மத்தியானம் முடிவு செய்தேன். தங்கம்மாளிடம் சொல்லவில்லை. ஹமீதா பானுவிடமும் சொல்லவில்லை. என்னோடு படித்தவள், தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிறாள். "நாளைக்குக் காலைல வரேன்" என்று மட்டும் போன் செய்தேன். "பிரியாணி சாப்பிடவா, கேஸ் கொடுக்கவா?" என்று கிண்டல் செய்தாள். நான் சிரித்துவைத்தேன். நாளை முதல் பேருந்தில் போய் உங்கள் கடிதங்களை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அங்கிருந்து இருவரும் எஸ்.பி. அலுவலகம் போவோம். வலது கையைப் பற்றி நான் சொல்வேன். பிறகு தங்கம்மாளையும் சொல்ல வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது இந்த வீடு பூட்டியிருக்கும்.

இதில் தப்பு நடந்தால் ஒரு பெண்ணிடமிருந்து அவள் அப்பாவை ஓர் ஓவியத்தை வைத்துப் பறித்தவள் ஆவேன். சரியாக இருந்தாலும் பறித்தவள்தான். இரண்டையும் யோசித்துவிட்டேன்.

மது உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அப்பாவோடு காரில் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு நல்ல செருப்பு இல்லையாம், மூன்று நாளாக நச்சரிக்கிறாள். நாளைக்குத் தஞ்சாவூர் போய் வாங்கலாம் என்று சொன்னதும் சீக்கிரம் படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். இப்போதைக்கு அவளிடம் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.

ஷைலஜா